சென்னையிற் குடிக்கூலி வீடு

குடிக்கூலி என்னுஞ் சொல்லை இக்காலத்துப் பிள்ளைகள் அறியார். வாடகை என்பதே அவர்கள் நாவில் வழங்குவது. வாடகை வடமொழிவழி வந்த சொல். வண்டிக்கும் பாத்திரத்திற்கும் பந்தலுக்கும் பொதுவாக நிற்பது. குடிக்கூலியோ வீடு ஒன்றற்கே உரியது. குடியிருத்தற்குக் கொடுக்குங் கூலி என்பது அதன் பொருள். எம் பாட்டனார் தம் கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் முதல் வரியாகக் 'குடிக்கூலி ரூ. 11' என்றே எழுதிவந்தார். அரிசியும் பருப்பும் அதன் பின்னரே வரும். கூலி கொடுத்துக் குடியிருப்பவன் முதற்கண் நினைக்கவேண்டியது இன்னதென்பதை அவ்வரிசை முறையே காட்டும்.

ஆண்டுதோறும் ஆனி மாதம் பிறந்தவுடன், படிப்பின்பொருட்டும் உத்தியோகத்தின்பொருட்டும் நம் பிள்ளைகள் பலர் ஊரைவிட்டுச் சென்னைக்கு வருகின்றனர். 'சம்பளத்திற்குக் கட்டுப்படியாகும்படி ஒரு சிறிய வீடு பார்த்துத் தருதல் வேண்டும்' என்று நம் சங்கக் காரியதரிசியவர்களுக்குக் கடிதங்கள் வருகின்றன. அவற்றுட் சிலவற்றை அவர் எனக்குக் காட்டி, இதுகுறித்து ஏதேனும் எழுதுக என்றார். தரகரைப்போலத் தெருத்தெருவாய் அழைத்துச் சென்று வீடு காட்டுதல் எனக்கு இயலாது. இப்பட்டினம் வந்தார்க்கு வீடு கொடுத்த வரலாற்றைச் சொல்லுதல் ஒருவாறு இயலும். அதனைக் கேட்டால், இன்று ஒருவன் ஐந்து தெரு அலைந்தும் வீடு கிடையாது திரும்புதற்குக் காரணம் பணக்குறை ஒன்றேயன்று என்பது விளங்கும்.

கும்பினியார் 1639-ஆம் ஆண்டில் இக்கடற்கரையில் இடம்பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய நாள்முதல், கோட்டைக்கு வடக்கே நம் நாட்டார் குடியேறலாயினர். துணி நெய்வாரும் விற்பாரும் துவிபாஷிகளும் கூலியாட்களும் வந்து சேர்ந்தனர். சேர்ந்தவர்கள் தத்தம் ஊரில் எங்ஙனம் இருந்தனரோ அங்ஙனமே இங்கும் தெருவாகப் பிரிந்து இருந்தனர். 1707-ஆம் ஆண்டில், தாமஸ் பிட் கவர்னராயிருந்த காலத்தில், வலங்கையார் இடங்கையார் என்னும் இருதிறத்தார்க்குள் எந்தத் தெருவில் எவர் கலியாண ஊர்வலம் போகலாம் என்பதுபற்றிப் பெருங்கலகம் மூண்டது. வலங்கையாருட் பலர் கோபங்கொண்டு பட்டினத்தையே துறந்து சாந்தோமிற் போய் இருந்தனர். கடைசியிற் பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கும் என்று பகுத்துக் கொடுத்துக் கலகத்தை அடக்கினர். பின்னர் 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராயிருந்தபொழுது, கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்திற் சுங்குராமர் என்பவரிடமிருந்த தோட்டத்தை எடுத்துச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தனர். சின்னத் தறிப்பேட்டை என்பதே அங்ஙனம் மருவிற்று என்பர். நெய்வார்க்கும் நூற்பார்க்கும் வண்ணம் எழுதுவார்க்குமென அது வகுக்கப்பட்டது.

ஆகவே அந்நாளில் இப்பட்டினத்தில் வீடு வேண்டிவந்தவனை நோக்கி முதலிற் கேட்கப்பட்ட கேள்வி, நீ எக்கையான், எத்தொழிலான் என்பது. எவ்வளவு கொடுப்பாய் என்பது அதற்குப் பின்னரே எழுந்தது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இக்கேள்வி மீண்டும் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரயிலும் துறைமுகமும் கச்சேரிகளும் கல்லூரிகளும் பெருகவே, சொந்த வீடில்லாதார் கூட்டம் பட்டினத்தில் நிறைந்தது. 1901-ஆம் ஆண்டின் குடிமதிப்பில் சென்னையில் இருந்தோர் 5,09,346 பேர். 1941-இல் 7,77,481 பேர். தலைகள் வளர்ந்த அளவிற்கு வீடுகள் வளரவில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த பழைய வீடுகள் ஒரு குடும்பத்தார் இருத்தற்கென்றே கட்டப்பட்டவை. தெருத்திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், அதன்பின் அடுக்களை, கொல்லையிற் கிணறு என நீளவாட்டில் அமைந்தவை. அவ்வீடொன்றை ஐந்தாகவும் ஆறாகவும் கூறுபடுத்திக் குடிவைத்தனர். கூடத்தை மரப்பலகையால் தடுத்து இரண்டு குடும்பம். ரேழி அறையில் ஒரு கிழவரும் கிழவியும். மாடியிற் கீற்றுக்கொட்டகை போட்டுக் கலியாணமாகாத குமாஸ்தாக்கள் மூவர். இதற்கே ஒண்டுக்குடித்தனம் என்று பெயர். ஒண்டுதல் என்பது மழைக்குச் சுவரோரம் ஒதுங்கிநிற்றல். நிற்பதற்கு வந்தவன் இருபது ஆண்டு அங்கேயே இருந்துவிடுவதும் உண்டு. ஆயினும் சொல் மாறவில்லை.

ஒண்டுக்குடித்தனத்தின் இன்பதுன்பங்களை நம் சங்கத்து மூத்தோர் பலர் அநுபவித்திருப்பர். விடியற்காலம் 4 மணிக்குக் குழாயடியிற் குடத்தை வரிசையாய் வைத்தல். ஒரே கக்கூசுக்கு ஆறு குடும்பங் காத்திருத்தல். இரவு 10 மணிக்குமேல் விளக்கெரிந்தால் வீட்டுக்காரர் மாடியினின்றும் இருமுதல். சுற்றத்தார் இருவர் ஊரிலிருந்து வந்து மூன்றுநாள் தங்கினால், 'தண்ணீர் செலவு அதிகமாயிருக்கிறதே' என்று வீட்டுக்கார அம்மையார் பொதுவாகச் சொல்லுதல். மற்றொரு பக்கத்தில், ஒரு குடித்தனத்திற் பிள்ளைப்பேறு என்றால் மற்றை ஐந்து குடித்தனத்து அடுப்பிலும் வெந்நீர் காய்ந்தது. எம் தந்தையார் அவ்வாறு பிறந்தவரே. ஸ்டோர் எனப் பெயர்பெற்ற வீடுகளும் அக்காலத்தில் எழுந்தன. நடுவே நீண்ட நடை, இருபுறமும் ஒற்றை ஒற்றையாய்க் குடித்தனங்கள், கடைசியிற் பொதுக்குழாய். கடை என்னும் பொருளுடைய அவ்வாங்கிலச் சொல் மனிதர் குடியிருக்கும் இடத்திற்கு எவ்வாறு வந்ததென்று யான் பலரைக் கேட்டும் ஒரு விடை கிடைத்திலது.

வீட்டைக் கூலிக்கு எடுத்தோர் நிலை இதுவாக, வெறுமனையைக் கூலிக்கு எடுத்துத் தம் கைப்பொருளால் அதன்மேல் வீடு கட்டிக்கொண்டோர் நிலை இதனினும் இடரானது. இது சென்னையிற் பெருவழக்கு. அடிமனை ஒருவருக்கு, மேற்கட்டடம் வேறொருவருக்கு. மனைக்குடிக்கூலி தவறாது செலுத்தும்வரை எழுப்பமாட்டார் என்னும் நம்பிக்கையில் ஏழைகள் மண்சுவரும் ஓடும் வைத்து வீடு கட்டினர். நிலத்தின் விலை ஏறியபின் மனைக்காரர், 'உன் கட்டடத்தைப் பெயர்த்துக்கொண்டு போ' என்றார். ஓட்டைப் பெயர்க்கலாம், சுவரைப் பெயர்த்து எங்கே கொண்டுபோவது? இக்கொடுமையை நீக்குதற்கே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1921-ஆம் ஆண்டிற் சட்டசபையில் நிறைவேறி 1922-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நம்பிக்கையைச் சட்டத்தின் முகவுரையே எடுத்துக் கூறிற்று. அதன்படி, குடியிருப்பவனை எழுப்புவதாயின் கட்டடத்திற்கும் அவன் வைத்த மரங்களுக்கும் விலை கொடுத்தல் வேண்டும். அவன் விரும்பினால், நீதிமன்றம் மதிக்கும் விலைக்கு அம்மனையைத் தானே வாங்கிக்கொள்ளவுங் கேட்கலாம். நம் நகரில் இன்று மூன்று தலைமுறையாய்ச் சொந்த வீட்டில் இருப்பதாகச் சொல்லும் குடும்பங்கள் சிலவற்றின் பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், இச்சட்டத்தின் பெயர் அதில் இருக்கும்.

பம்பாயில் 1918-ஆம் ஆண்டிலும் கல்கத்தாவில் 1920-ஆம் ஆண்டிலும் வீட்டு வாடகைக்கே சட்டம் வந்தது. முதல் உலகப்போரின் பின்விளைவாகிய விலையேற்றமே காரணம். சென்னையார்க்கு அப்பொழுது மனைபற்றிய சட்டமே கிடைத்தது. வீட்டு வாடகைபற்றிய சட்டத்திற்கு மற்றொரு போர் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1920-இல் நகரமைப்புச் சட்டம் பிறந்து, நெடிய ஏரியின் நீர் வடிக்கப்பட்டுத் தியாகராயநகர் எழுந்தது. அது மனைவாங்கி வீடுகட்ட வல்லார்க்கு நன்மையாயிற்று. 11 ரூபாய்க் குடித்தனக்காரனுக்கு அதனால் வந்தது, அங்கே நடந்துபோய்ப் பூங்காவிற் காற்று வாங்கும் வசதி.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபின் பட்டினத்தில் உத்தியோகங்கள் பெருகின. வீடு கட்டுதற்கு இரும்பும் மரமும் கிடைத்தில. வாடகை ஏறிற்று. 1941-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவைப் பிறப்பித்தனர். அவ்வுத்தரவின் மை உலர்வதற்குள் ஒரு விநோதம் நிகழ்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசினர். சென்னையிற் கட்டாயப் பணியில்லாதார் வெளியேறுவது நலம் என்று அரசாங்கத்தார் அறிவித்தனர். சில நாட்களிற் பட்டினம் வெறிச்சோடிற்று. கச்சேரிகள் சில உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன. வீடு தேடுவார் மலிந்த ஊரில் வீட்டுக்காரர் குடித்தனக்காரரைத் தேடலாயினர்.

எம் பாட்டனார் அப்பொழுது ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டியிற் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். பாட்டியாரையும் பிள்ளைகளையும் ஊருக்கு இரயிலேற்றிவிட்டுத் தாம் தனியே இருந்தார். அவர் சொன்னதை எம் தந்தையார் பலமுறை எங்களிடஞ் சொல்லியுள்ளார். ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் அவர் ஒருவரே. வீட்டுக்காரர் ஊருக்குப் புறப்படுமுன், 'குடிக்கூலியைப்பற்றி இப்போது பேச்சில்லை. மாலையில் கூடத்தில் ஒரு விளக்கு மாத்திரம் ஏற்றிவையும்' என்றாராம். விளக்கின் வெளிச்சம் தெருவிற் படலாகாதென்பது அரசாங்க உத்தரவு. ஆகவே பாட்டனார் அகலை ஏற்றிக் குடத்திற்குப் பின்னே மறைத்துவைத்தார். அம்மாதங்களிலுங் கணக்குப் புத்தகத்திற் 'குடிக்கூலி ரூ. 11' என்னும் வரி தவறாமல் இருக்கிறது. வாங்க ஆளில்லாத பணத்தை அவர் தனியே ஒரு பையில் இட்டு வைத்து, வீட்டுக்காரர் திரும்பிவந்த அன்று மொத்தமாய்க் கொடுத்தார்.

போனவர்கள் திரும்பினர், போகாத ஊர்களிலிருந்தும் புதியவர்கள் வந்தனர். 1951-ஆம் ஆண்டின் குடிமதிப்பில், சுற்றியிருந்த ஊர்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டபின், நகரத்தார் 14 இலக்கம் பேர். போர்க்கால உத்தரவு 1946-ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. 1949-இல் அது வேறொரு சட்டத்திற்கு இடந்தந்தது. அதன்பின் வந்ததே 1960-ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இவற்றுக்கெல்லாம் ஒரு நாள் அடிக்கல்லாயிற்று. 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய 12 மாதங்களில் அவ்வட்டாரத்தில் என்ன வாடகை வழங்கிற்றோ அதுவே கணக்கின் அடிப்படை. அதன்மேற் சிறு விழுக்காடு ஏற்றலாம், அவ்வளவே. பாட்டனாரின் 11 ரூபாய் ஒருவகையிற் சட்டத்தின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இச்சட்டங்களில் இருந்த மற்றொரு பிரிவை இந்நாளில் எவரும் நினைப்பதில்லை. வாடகை கட்டுப்பாட்டினும் அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு வீடு காலியானால், குறித்த சில நாட்களுக்குள் அதனை வீட்டுக்காரர் அரசாங்க அதிகாரிக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். சிறுவாடகை வீடுகளுக்கு விலக்குண்டு. அரசாங்கத்தார் வேண்டுமென்றால் அவ்வீட்டைத் தம் உத்தியோகஸ்தர் ஒருவருக்கு ஒதுக்குவர். ஒதுக்கப்பட்டவரை வீட்டுக்காரர் ஏற்றே ஆகவேண்டும். வேண்டாமென்றால் மாத்திரமே வீட்டுக்காரர் தம் விருப்பப்படி குடிவைக்கலாம். அச்சட்டத்தின் வாசகத்தில் வருபவனுடைய ஜாதி யாது, அவன் அடுப்பில் என்ன வேகும் என்னுங் கேள்விகளுக்கு இடமில்லை. ஒதுக்கீடு பெற்றோர் நகரத்திற் சிலரே. ஆயினும் 1707-ஆம் ஆண்டிற் கேட்கப்பட்ட கேள்வியைக் கேளாமலே ஒருவன் கையிற் சாவி கிடைக்கும்படி இப்பட்டினத்தில் ஒரு வழி இருந்ததென்றால், அது இதுவே.

மற்றை வழியாக வந்தவர்க்கு 1960-ஆம் ஆண்டின் சட்டம் வேறொரு வகையிற் பயன்பட்டது. உள்ளே இருப்பவனை எளிதில் எழுப்ப முடியாது. வாடகையை வேண்டுமென்றே நிறுத்தினாலும், சொல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், வீட்டைப் பாழ்படுத்தினாலும், அல்லது வீட்டுக்காரர்க்கே அவ்வீடு உண்மையில் தேவைப்பட்டாலும், இவைபோன்ற காரணங்களைக் கோர்ட்டில் நிரூபித்தாலன்றி வெளியேற்ற உத்தரவு கிடையாது. 1973-ஆம் ஆண்டில் வாடகைக் கணக்கின் அடிப்படையையும் மாற்றினர். 1940-ஆம் ஆண்டின் வாடகையை விடுத்து, நிலம் கட்டடம் ஆகியவற்றின் மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு குடியிருப்பு வீட்டிற்கு நியாய வாடகை, வியாபார இடத்திற்கு 12 விழுக்காடு என்றனர். ஒரு வீட்டின் மதிப்பு ஓர் இலக்கமாயின் ஆண்டுக்கு 9,000 ரூபாய், மாதத்திற்கு 750. கணக்கு எளிதே. அதனைக் கேட்டு வழக்காடி முடிவு பெறுவதற்குள் குடித்தனக்காரரின் மகன் கலியாணம் முடிந்துவிடும்.

வீட்டுக்காரர் பக்கத்தையும் சொல்லாதுவிடல் நேர்மையன்று. நம் சங்கத்தில் வீடுடையாரும் பலர். வாழ்நாள் முழுதும் உழைத்த பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டி, அதன் வாடகையை நம்பி முதுமைக்காலத்தை எண்ணியிருந்த கைம்பெண்டிர் சிலரை யான் அறிவேன். குடித்தனக்காரர் 20 ஆண்டு பழைய வாடகையிலேயே இருந்து, ஓட்டை ஒழுகல் பார்க்கச் சொல்லி நோட்டீசும் விடுவர். ஒண்டவந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டிற்று என்னும் பழமொழியை அவ்வம்மையார் வாயால் கேட்டவர்க்கு அதன் பொருளில் ஐயம் எழாது. வாடகை வந்து செல்லரித்த மரத்திற்குப் போதாமையால், வீட்டைப் பழுதுபார்ப்பார் இல்லை. திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் பல அங்ஙனமே இற்றுவிழுந்தன.

அச்சத்தால் வீட்டுக்காரர் என் செய்தனர்? புதிதாய் வருபவனை வாசலிலேயே சோதித்தனர். உள்ளே வந்துவிட்டால் எழுப்ப இயலாது. ஆகலின் வருமுன்னரே நன்றாகப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றது 1960-ஆம் ஆண்டின் சட்டம்; 10 மாத வாடகை கொண்டுவா என்றது பட்டினத்து வழக்கம். ஒப்பந்தம் 11 மாதத்திற்கே எழுதினர். பெருந்தொகையொன்றை மொத்தமாய்ப் பெற்றுக்கொண்டு வாடகையின்றிக் குடிவைத்துப் பின் தொகையைத் திருப்பித்தரும் போக்கியமும் பெருகிற்று. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்பு வீடுகளுக்குச் சட்டத்தின் காவல் இல்லையென்று ஒரு விலக்கிருந்தது. அதனை 1986-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தார் செல்லாதென்றனர். வியாபார இடத்திற்கு அத்தகைய எல்லையில்லாதபோது குடியிருப்பவனுக்கு மட்டும் வைத்தல் சமமாகாது, 400 ரூபாய் என்பதும் முன்னிருந்த 400 ரூபாய் அன்று என்றனர். காவல் அகன்றது, வாசற்படிச் சோதனையும் அதனோடு கடுமையாயிற்று. உள்ளிருந்தார்க்கு அரணான மதில் வெளியில் நின்றார்க்கும் மதிலே ஆயிற்று.

அரசாங்கத்தார் தாமே வீடுகட்டிக் கொடுத்ததும் உண்டு. 1961-ஆம் ஆண்டில் வீட்டுவசதி வாரியத்திற்குச் சட்டம் இயற்றினர்; 1970-இற் குடிசைமாற்று வாரியம் வந்தது. அவை செய்த தொண்டு பெரிது, தனிக்கட்டுரைக்கு உரியது. சம்பளத்திற்கு வந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை, அரசாங்க உத்தியோகஸ்தனல்லனாயின், அவ்விரண்டிற்கும் புறத்தேயே நின்றான்.

யானும் 2004-ஆம் ஆண்டில் அங்ஙனம் நின்றவனே. சைதாப்பேட்டைப் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக வந்து, மாதம் 2,000 ரூபாய்க்குள் ஒரு வீடு தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். உடன் வந்தவர் அதே பள்ளியிற் கணக்கு கற்பித்த ஆசிரியர். அதே சம்பளம், அதே வயது. அவருக்கும் வீடு வேண்டும். வாசலில் 'வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகை தொங்கும் வீடுகளிலெல்லாம் ஒரே வகையான உரையாடல் நடந்தது. எந்த ஊர்? எத்தனை பேர்? என்ன வேலை? இதுவரை எல்லாம் முறையே. பின் ஒரு சிறு மௌனம். 'தவறாக நினைக்காதீர்கள் தம்பி, நீங்கள் என்ன ஆட்கள்?' ஒரு வீட்டில் எனக்குக் கதவு சாத்தப்பட்டது. யான் புலால் உண்பேனென்பதை அவ்வம்மையார் என் ஊர்ப்பெயரைக் கொண்டே உணர்ந்துகொண்டார். அவமானத்தால் அன்றிரவு உணவு கொண்டிலேன்.

ஐந்தாம் வாரம் எனக்கு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் நம் சமூகத்தவர். என் தந்தையார் பெயரையும் ஊரையும் கேட்டு, ஏதோ ஒருவழியில் உறவுங் கண்டுபிடித்து, 'நம்ம பிள்ளை' என்று முதுகிலே தட்டி, 2,000 என்றதை 1,800 ஆக்கிக் காப்பியும் கொடுத்தார். யான் மகிழ்ந்து வெளியே வந்தேன். கணக்காசிரியர் தெருவில் நின்றுகொண்டிருந்தார். அவ்வீட்டின் பின்கட்டில் இன்னொரு போர்ஷன் காலியாயிருந்தது. அவருக்கும் எனக்கும் தெரியும். அவருக்காகக் கேட்டேன். வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, 'அது வேண்டாம் தம்பி' என்றார். அவர் கெட்டவரல்லர், பின்னாளில் என் மனைவியின் பிரசவ காலத்தில் நள்ளிரவில் வண்டி பிடித்துக் கொடுத்தவர். கணக்காசிரியர் ஆவடிக்கு அப்பால் ஒரு வீட்டிற் குடியேறி, நாள்தோறும் இரயிலேறி இறங்கி மீண்டும் பஸ் ஏறிப் பள்ளிக்கு வந்தார். யான் மாதந்தோறும் மிச்சம் பிடித்த 200 ரூபாயை அவர் பயணச்செலவாகக் கொடுத்தார் என்று பலநாள் எண்ணியதுண்டு. வாய்விட்டு அவரிடஞ் சொன்னதில்லை.

சட்டம் இதற்கு என் சொல்கிறதென்று பின்னர்த் தேடிப் பார்த்தேன். தீண்டாமையின்பேரில் எவரையும் எவ்விடத்திலுங் குடியிருக்கவிடாது தடுத்தல் குற்றமென 1955-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. 'வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது' என்று வாசலிற் சொல்லும் சொல்லை அச்சட்டத்திற்குள் கொண்டுவந்து நிரூபிப்பார் யார்? அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு கடைகளையும் உணவுவிடுதிகளையும் கிணறு குளங்களையும் எடுத்துச் சொல்கிறது. தனியார் வாடகை வீட்டைப் பெயர்சொல்லிக் கூறவில்லை. 2005-ஆம் ஆண்டில், பார்சிகள் தம் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் தம்மவரையே சேர்த்தல் செல்லும் என்று உச்சநீதிமன்றத்தார் தீர்ப்பளித்தனர். ஆகவே வாடகையின் அளவைச் சட்டம் பலமுறை பிடித்தும் விட்டும் பார்த்தது. கதவை மாத்திரம், அந்த ஒதுக்கீட்டுப் பிரிவு ஒன்று நீங்கலாக, வீட்டுக்காரர் கையிலேயே விட்டுவைத்தது.

இப்பொழுது வாடகையின் அளவும் அவர் கைக்கே திரும்பிவிட்டது. 1960-ஆம் ஆண்டின் சட்டம் நீக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைபெறுகிறது. இருவரும் எழுத்தால் ஒப்பந்தஞ் செய்து, அதனை வாடகை அதிகாரியிடம் பதிதல் வேண்டும். வாடகை என்பது ஒப்பந்தத்தில் எழுதியதே. நியாய வாடகை என்று ஒன்று தனியே இல்லை. காலம் முடிந்தால் வீட்டைத் திரும்பப்பெறுதல் முன்னையினும் எளிது. வீட்டுக்காரரின் பழைய அச்சத்திற்குக் காரணம் பெரிதும் நீங்கிற்று. ஒருமுறை புகுந்தவன் போகமாட்டான், ஆதலால் அறிந்தவனையே வைக்கிறோம் என்று முன்பு சொன்னார்கள். அந்த நியாயம் போனபின்னும் வாசற்கேள்வி போகவில்லை. அதனால் அது உண்மையில் அச்சத்தாற் பிறந்ததுதானா என்னும் ஐயம் எனக்கு உண்டாகிறது.

ஊரிலிருந்து கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு இரண்டொன்று சொல்லவேண்டும். எழுத்தில்லாமல் முன்பணம் கொடாதீர்கள். கொடுக்கும் தொகைக்கு ரசீது வாங்குங்கள். மின்சார மீட்டர் தனியா, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், கோடையிற் கிணறு வற்றுமா என்பவற்றை வீட்டுக்காரரிடமன்று, பக்கத்துக் குடித்தனக்காரரிடங் கேளுங்கள். வேலையிடத்திற்கு அருகில் 3,000 ரூபாய் மிகையாகக் கொடுப்பது நன்றோ, தூரத்தில் இருந்து பயணத்திற்குக் கொடுப்பது நன்றோ என்பதனைப் பணத்தோடு நேரத்தையுங் கூட்டிக் கணக்கிடுங்கள்.

காரியதரிசியவர்களுக்கும் ஒரு செய்தி. நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்து வாடகை விளம்பரங்களைச் சென்ற ஓராண்டு இதழ்களில் எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றின் முடிவிலும் 'நம்மவர்க்கு மட்டும்' என்னும் ஒரு வரி இருக்கிறது. சங்கத்துப் பத்திரிகையில் அது இயல்பென்பர். சங்கத்துப் பிள்ளைக்குச் சங்கத்தார் உதவுதலில் யானும் குறைகாணேன், அவ்வுதவியால் வாழ்ந்தவன் யான். ஆனால் அவ்வரியை எழுதியவருள் இருவருடைய பிள்ளைகள் பெங்களூரில் வீடு தேடி அங்கே வாசலில் இதே கேள்வியால் திரும்பினர் என்பது எனக்கு அவர்கள் வாயாலேயே தெரியும்.

எங்கள் வீட்டு மாடிப்பகுதி சென்ற மாதம் காலியாயிற்று. விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். காரியதரிசியவர்கள் படித்துப் பார்த்து, கடைசி வரி விட்டுப்போயிற்றே, மறந்தீரோ என்றார். மறக்கவில்லை என்றேன். சிறிதுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஒருவரி குறைந்ததால் விளம்பரக் கட்டணத்தில் 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு அறையும் அடுக்களையும், தனி மின்சார மீட்டர், தாம்பரம் இரயில் நிலையத்திற்கு நடைதூரம். வாடகை 8,500, முன்பணம் 3 மாதம், பதிந்த ஒப்பந்தம். இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.